ஐந்தாம் ரூமில் எத்தனை பேர்?

“பழைய டோக்கன் பலகையை மறுபடியும் வாசல்ல மாட்டுங்க மொதலாளி.”

சொல்லியே விட்டாள் அருணாதேவி.

எதை வேண்டுமானாலும் கேள், இதை மட்டும் கேட்டுவிடாதே என்று அவளுக்கு மூன்று முறை சொல்லப்பட்டிருந்தது. சொன்னவன் ராஜபாண்டியன், அவளுடைய அக்கா கற்பகவல்லியின் புருஷன். நாரணாபுரத்துப் பட்டாசுக் கம்பெனி ஆபீசில் அவளுக்கு ஆள்கணக்குப் பார்க்கும் இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான். “கரண்டு போகட்டும், கம்ப்யூட்டர் படுக்கட்டும், கேட்டே இடிஞ்சு விழட்டும். பலகையை மட்டும் கேக்காத அருணா. ஒரு கம்பெனியில அது திரும்ப ஏறுச்சுன்னா பன்னெண்டு கம்பெனியிலயும் ஏறிரும். அப்புறம் சிவகாசியில நான் தலை காட்ட முடியாது.”

முதலாளி கனகசபாபதி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. புஸ்வாண டப்பாவுக்கு அச்சகத்திலிருந்து வந்திருந்த லேபிளை சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, மயிலின் கழுத்து நீலமாக இல்லாமல் கத்திரிப்பூ நிறத்தில் இருப்பதைக் கண்டு நொந்துகொண்டிருந்தார்.

“ஏம்மா, சித்திரையில உங்க அத்தான் இதே இடத்துல நின்னு, ‘அண்ணாச்சி, பலகையை அடுப்புக்குப் போட்டுருங்க’ன்னாரு. இப்ப நீ வந்து மாட்டச் சொல்ற. மொதல்ல உங்க வீட்டுக்குள்ள பேசி முடிச்சுட்டு வாங்க.”

“இது வீட்டு விவகாரம் இல்ல மொதலாளி. மிசினு தப்பாச் சொல்லுது.”

“என்ன தப்பு?”

“அதான் தெரியல.”

இப்போதுதான் நிமிர்ந்தார். “தெரியாமலேயே கேக்க வந்துட்டியாக்கும்!”

அந்தப் பலகை ஒன்றும் பெரிய அதிசயமில்லை. ரூமுக்கு ஒரு வரிசை ஆணி. வேலைக்கு உள்ளே போகிறவள் தன் பித்தளை டோக்கனைத் தன் ரூம் வரிசையில் மாட்ட வேண்டும். வெளியே வரும்போது எடுத்துக்கொள்ள வேண்டும். வெடிமருந்து புழங்குகிற இடத்தில் இந்த நிமிஷம் எந்த ரூமில் எத்தனை பேர் என்பது பலகையைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஏதாவது ஆகிவிட்டால், யாரைத் தேடி ஓட வேண்டும் என்பதும் தெரியும்.

பிறகு அருணா ஆசையாக வாசலில் ஒரு டேப்லட்டைக் கொண்டுவந்து வைத்தாள். கார்டைத் தட்டினால் ‘கீச்’ என்று ஒரு சத்தம். ஆனால் ஆளுக்கு நாலு விநாடி எடுத்துக்கொண்டது. வரிசை ரோடு வரைக்கும் நீண்டது. அதற்காகத்தான் சித்திரையில் ராஜபாண்டியன் ‘சிட்டு’ என்ற புது இயங்குதளத்தை, மற்றப் பதினொரு கம்பெனிகளுக்கு விற்றதுபோல இங்கேயும் கொண்டுவந்து ஏற்றினான். தட்டிய கையோடு கீச். வரிசை காணாமல் போனது. அதுவரை டேப்லட்டுக்குப் பக்கத்திலேயே தொங்கிய பலகையும் அன்றே குடோனுக்குப் போனது. அதைக் கழற்றிய கைகளில் அருணாவின் கையும் ஒன்று.

போன வியாழக்கிழமைதான் எல்லாம் மாறிப் போயிற்று. மதியம் மூன்று மணி வாக்கில் ஒன்பதாம் ரூமுக்குப் பின்னால் கழிவுக் காகிதத்தில் தீப்பிடித்து, மணி அடித்து, எல்லோரும் கார்டைத் தட்டிக்கொண்டே வெளியே ஓடிவந்து வேப்பமரத்தடியில் நின்றார்கள். சிட்டு ‘உள்ளே 0’ என்று காட்டியது. எல்லாரும் வந்தாச்சு என்று அருணா கத்தி வாயை மூடவில்லை. வாயில் துண்டைப் பொத்திக்கொண்டு இருமியபடி புகைக்குள்ளிருந்து வந்தார் ஒன்பதாம் ரூம் மாரிக்கண்ணன்.

“கார்டைத் தட்டாம உள்ள போனா எப்படிண்ணே? நீங்க செத்திருந்தா நாங்க யாருக்குப் பதில் சொல்றது?” என்று அறுபது பேர் முன்னால் அவரைக் கிழித்தாள் அருணா.

“தட்டுனேன் தாயி. கீச்சுன்னு கேட்டுச்சே” என்றார் அவர். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து வேலைக்கு வரவில்லை.

அந்த ‘கீச்சுன்னு கேட்டுச்சே’ ஒரு வாரமாக அவளைத் தூங்கவிடவில்லை. பொய் சொல்கிறவர் என்றால் தட்டினேன் என்று நிறுத்தியிருப்பார். சத்தம் கேட்டது என்று ஏன் சொல்ல வேண்டும்?

“சாயங்காலத்துக்குள்ள காரணத்தைக் கண்டுபிடிச்சுக் காட்டு” என்றார் கனகசபாபதி. “காரணம் இல்லாம பலகையை மாட்டுனா, நாளைக்கு ஒருத்தி உள்ள காலை வைக்க மாட்டா. சீசன்ம்மா இது. அதுவரைக்கும் வாயைத் தொறக்காத. உனக்குத்தான் சொல்றேன். உனக்கு அது வராது.”

*

ஆபீஸ் கம்ப்யூட்டரில் மூன்று வாரப் பதிவுகளை விரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். சிட்டுக்காரர்களின் உதவி எண்ணுக்கு ஏற்கெனவே நாலு தடவை பேசியாகிவிட்டது. “ஊழியர்கள் சரியாகத் தட்டுகிறார்களா என்று பாருங்கள் மேடம்” என்று நாலு தடவையும் ஒரே பதில்.

சரி, பார்த்துவிடுவோம்.

காலையில் உள்ளே வந்தவர்கள், மதியச் சாப்பாட்டுக்கு வெளியே போனவர்கள், திரும்ப வந்தவர்கள், சாயங்காலம் கிளம்பியவர்கள். ஒவ்வொரு கார்டாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள். மதியம் உள்ளே வராத ஒருத்தி, சாயங்காலம் வெளியே போயிருக்கிறாள்.

அதெப்படி? சுவர் ஏறிக் குதித்தாளா?

இன்னும் தேடினாள். மூன்று வாரத்தில் பதினோரு தடவை. காலையில் ஒன்றுகூட இல்லை. பதினொன்றும் மதியம், மற்றவர்கள் சாப்பிட்டுத் திரும்பும் ஒன்றே காலிலிருந்து ஒன்றரைக்குள். சிட்டு அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வராதவள் போகிறாளே என்று சந்தேகப்படாமல், சாயங்காலக் கணக்கைப் பூஜ்யமாக்கி அழகாக மூடி வைத்திருந்தது.

பதினொன்றில் ஒன்று, வியாழக்கிழமை, மாரிக்கண்ணன். மூன்று வேறு வேறு ஆட்கள். மிச்சம் ஏழும் ஒரே கார்டு. நாற்பத்தொன்று.

யாருடைய கார்டு என்று பார்க்க வேண்டியதில்லை. கார்டுகளை அடித்து, கயிறு கோத்து, ஆளாளுக்குக் கழுத்தில் மாட்டிவிட்டவளே அவள்தான். நாற்பத்தொன்று சுப்புத்தாய். ஐந்தாம் ரூம். அவளுடைய அம்மா.

அருணா எழுந்து தண்ணீர் குடித்தாள். பிறகு இன்னொரு டம்ளர். இருபது வருஷமாகக் குழலில் மருந்து செலுத்தி, அந்தச் சம்பளத்தில் மகளை விருதுநகரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்க வைத்தவள். மகள் கொண்டுவந்து வைத்த டேப்லட், மூன்று வாரத்தில் ஏழு மதியம் அவளைக் கம்பெனிக்குள்ளேயே இல்லை என்று சொல்லியிருக்கிறது.

பயம் வருவதற்கு முன்னால் கேள்விதான் வந்தது. ஏன் அம்மா மட்டும்?

*

ஒரு மணிக்கே வாசலில் போய் நின்றாள், கையில் நோட்டோடு.

“என்ன தாயி, என்னைக் கண்காணிக்க வந்திருக்கீகளா?” என்றார் வாட்ச்மேன் காசிராஜன்.

“உங்களை இல்ல அண்ணாச்சி. இந்தக் குருவியை.”

“பாருங்க, பாருங்க. தூசி துடைச்சு, துண்டு போட்டு மூடி, எம்புட்டுப் பத்திரமா வச்சிருக்கேன். எம்மகளைக்கூட இப்படிப் பாத்ததில்ல.”

சாப்பாடு முடிந்த பெண்கள் வரிசையாக வந்தார்கள். கீச், கீச், கீச். ஒவ்வொரு பேரையும் நோட்டில் குறித்தாள் அருணா.

வரிசையின் வாலில் சுப்புத்தாய் நின்றுகொண்டிருந்தாள். அவள் எப்போதுமே கடைசி. யாரும் வைத்த விதி இல்லை. முன்னால் போகிறவளின் கொண்டையைத் தடவி ஊசி இருக்கிறதா, மாராப்பில் ஊக்கு மறந்துபோய்க் கிடக்கிறதா என்று பார்த்துப் பார்த்துத்தான் ஆளை விடுவாள். இரும்பு ஒரு துண்டு உள்ளே போகக் கூடாது. எல்லோரையும் சரிபார்க்கிறவள் கடைசியில்தானே நிற்க முடியும்?

அந்த நேரத்துக்கு ரோட்டில் ஆரன் சத்தம். மருந்து லோடு ஏற்றிய வேன், வழக்கம்போல.

சுப்புத்தாய் கார்டைத் தட்டினாள். கீச். உள்ளே போனாள்.

காசிராஜன் அடுத்த கணமே டேப்லட்டைத் தூக்கி, செல்போன்கள் கிடக்கும் மரப்பெட்டிக்குள் வைத்து, மூடியை அடித்துச் சாத்தினார்.

“அண்ணாச்சி! என்ன பண்ணுறீக?”

“லோடு வண்டி கேட்டுல நிக்கையில போன் எதுவும் வெளிய இருக்கக் கூடாதில்ல? சேப்டி சாருதான் சொன்னாரு.”

“இது போன் இல்லையே!”

“வெளிச்சம் வருது, சத்தம் வருது, சார்ஜு போடணும். போன் இல்லாம பின்ன என்ன? கொஞ்சம் பெரிய போனு.”

வேன் போன பிறகு பெட்டியைத் திறந்து டேப்லட்டை எடுத்தாள். ஐந்தாம் ரூமில் மூன்று பேர். அவள் நோட்டில் நான்கு பேர்.

வந்தது கோபமா சந்தோஷமா என்று அவளுக்கே தெரியவில்லை. பெட்டியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு, தன் கார்டை எடுத்தாள். தட்டினாள், கீச், ஐந்து எண்ணினாள், பெட்டிக்குள் வைத்து மூடினாள். பதிவாகியிருந்தது. தட்டினாள், கீச், மூன்று எண்ணினாள். இருந்தது. தட்டினாள், கீச், உடனே மூடினாள். இல்லை. திரும்ப ஒரு தடவை. இல்லை. பத்துத் தடவை செய்து பார்த்தாள். காசிராஜன் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

“என்ன தாயி, கண்ணாமூச்சியா?”

“அண்ணாச்சி, இது எழுதி முடிச்சுட்டு கீச்சுன்னு சொல்லல. கீச்சுன்னு சொல்லிட்டு, அப்புறமா எழுத ஆரம்பிக்குது. எழுதுறதுக்குள்ள நீங்க மூடுனா, இருட்டுல தூங்கிப் போயிருது. முழிக்கிறப்ப எழுத மறந்துருது.”

நாலு விநாடி எடுத்துக்கொண்ட பழைய இயங்குதளம் எழுதிவிட்டுத்தான் சத்தம் கொடுத்திருக்கிறது. அந்த நாலு விநாடியைத் தின்றுதான் சிட்டு வேகமாகியிருக்கிறது.

காசிராஜனின் முகம் வெளுத்துவிட்டது. “அப்ப என் தப்பா இது? மாரிக்கண்ணனை நானா…”

“உங்க தப்பு இல்ல. நீங்க விதிப்படி செஞ்சீக. அவர் தட்டுனாரு. ரெண்டு பேரும் சரி. நான்தான்…” பாதியில் விட்டுவிட்டு ஐந்தாம் ரூமை நோக்கி நடந்தாள்.

*

செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் பதித்த செம்புத் தகட்டைத் தொட்டு உடம்பு மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் ஐந்தாம் ரூமை எட்டிப் பார்த்தாள். நான்கு பெண்கள், தலையில் துணி கட்டிக்கொண்டு, கை நிற்காமல் குழலில் மருந்து செலுத்திக்கொண்டிருந்தார்கள்.

வெளித் திண்டில் வரிசையாக நான்கு காலிக் குழல்கள் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன.

“இது என்னம்மா?”

சுப்புத்தாய் வேலையில் குனிந்தாள்.

பக்கத்தில் இருந்த இருளம்மாள்தான் சிரித்தாள். “ஆளுக்கு ஒரு குழலு. உள்ள வந்தா வைப்போம், வெளிய போனா எடுத்துக்கிருவோம். உங்க குருவிக்குத் தெரியாம நாங்க வச்சிருக்க பலகை!”

“எப்ப இருந்து? மாரிக்கண்ணன் அண்ணன் விசயம் நடந்த அன்னையில இருந்தா?”

“அட நீ வேற. பலகையைக் கழட்டுன மறுநாள்ல இருந்து. ஒங்கம்மா யோசனைதான்.”

அருணாவுக்குச் சுருக்கென்றது. “நாலு மாசமாவா? ஒரு வார்த்தை சொல்லலையேம்மா.”

“சொன்னா நீ கோவிச்சுக்கிருவ” என்றாள் சுப்புத்தாய், தலை நிமிராமல். “படிச்ச புள்ள, ஆசையாக் கொண்டாந்து வச்ச. அதுபாட்டுக்கு அது இருக்கட்டும்னு கார்டையும் தட்டிக்கிட்டோம்.”

“எம்மேல நம்பிக்கை இல்ல.”

“ஒம்மேல இல்லாமலா? அதும்மேலதான். பலகையிலயும் தப்பு நடந்துச்சுத்தா. ஒரு தடவை நானே டோக்கனை இடுப்புல சொருகிக்கிட்டு உள்ள வந்துட்டேன். ஆனா ஆணி வெறுமனே நின்னுச்சு. பாத்தவ கூப்பிட்டுத் திட்டுனா. இதுல தப்பு எங்கன நிக்குதுன்னு எங்க கண்ணுக்குத் தெரியல. தெரியாததை எப்படி நம்ப?”

மூன்று வருஷம் கல்லூரியில் யாரும் அருணாவிடம் இப்படி ஒரு கேள்வி கேட்டதில்லை.

கனகசபாபதியை வாசலுக்கே கூட்டிவந்து காட்டினாள். அவர் தன் கையாலேயே நாலு தடவை தட்டி, மூடி, திறந்து பார்த்தார். பிறகு காசிராஜனை விட்டுக் குடோனிலிருந்து பலகையை எடுத்துவரச் சொன்னார்.

“கெட்டிக்காரிதான்” என்றார். “சரி. மாட்டியாச்சு. ஆனா இது நம்ம கேட்டுக்குள்ளயே இருக்கட்டும். புரியுதா? வெளிய போச்சுன்னா, கம்பெனியில ஆள் கணக்கே சரியில்லன்னு நம்ம பேருதான் கெடும்.”

தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே மனசுக்குள் கணக்குப் போட்டாள். பன்னிரண்டில் ஒன்று போனால் பதினொன்று. பதினொரு வாசல். ஒவ்வொன்றிலும் ஒரு மரப்பெட்டி, விதிப்படி நடக்கிற ஒரு வாட்ச்மேன், கடைசியில் நிற்கிற ஒருத்தி.

*

நாலரை மணிக்கு சிவகாசியில் அக்கா வீட்டு மாடிப்படி ஏறினாள். ராஜபாண்டியன் பனியனோடு உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தான். கற்பகவல்லி முறுக்குத் தட்டை நீட்டினாள்.

“முறுக்கெல்லாம் வேண்டாம்க்கா. அத்தான், சிட்டு எழுதுறதுக்கு முன்னாடியே கீச்சுன்னு சொல்லுது. மதியம் லோடு வண்டி வர்றப்ப வாட்ச்மேன் உடனே போன் பெட்டிக்குள்ள வச்சு மூடுனா, கடைசியா தட்டுனவ பதிவாகாமப் போயிருறா. உங்களுக்குத் தெரியுமா?”

அவன் தம்ளரைக் கீழே வைத்தான். வைத்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“எப்ப இருந்து தெரியும்?”

“மூணு வாரமா. சிட்டு கம்பெனியில இருந்து எங்கள மாதிரி டீலருக்கு மட்டும் ஒரு நோட்டீஸ் வந்துச்சு. சரி பண்ணிக்கிட்டு இருக்காக. தீபாவளி முடிஞ்சதும் புது அப்டேட் வந்துரும். அதுவரைக்கும் வெளிய சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கு.”

“மூணு வாரமா! போன வியாழக்கிழமை மாரிக்கண்ணனை நான் கிழிச்சப்ப உங்களுக்குத் தெரியும்?”

“கத்தாத அருணா. கேளு. எல்லா சிஸ்டத்துலயும் பக் இருக்கும். நீ படிச்சவ, உனக்குத் தெரியாதா? உன் போன்லகூட வாரம் ஒரு அப்டேட் வருதே, அது என்ன திருவிழாவுக்கா வருது?”

“என் போன் தப்புப் பண்ணுனா எனக்கு ஒரு போட்டோ போகும்.”

“இந்த மொதலாளிக எப்படிப்பட்டவுகன்னு உனக்குத் தெரியாதா? ஒரு கோளாறுன்னு சொன்னா அதை மட்டும் பாக்க மாட்டாக. மொத்தத்தையும் தூக்கி வீசிருவாக. அடுத்த வருசம் நெசமாவே நல்ல சாமான் வந்தாலும் கையால தொட மாட்டாக. நாலு வருசம் வீடு வீடா ஏறி இறங்கி இந்தப் பன்னெண்டு வாசலைத் தொறந்திருக்கேன். ‘நம்ம பய கொண்டாந்தது’ன்னு நம்பித்தான் வாங்குனாக. ரெண்டு மாசம் பொறுத்தா யாருக்கும் எதுவும் தெரியாம சரியாயிரும்.”

அவன் சொன்னதில் முழுப் பொய் இல்லை. அதுதான் அருணாவுக்கு எரிச்சலாக இருந்தது.

“வாங்குனவுகதான் நம்புனாக அத்தான். தட்டுறவுக நம்பல. எங்கம்மா நாலு மாசமா தனியா ஒரு கணக்கு வச்சிருக்கா. நீங்க மறைக்கிற விசயம், மருந்து செலுத்துறவளுக்கு நோட்டீஸ் வராமலேயே தெரிஞ்சிருக்கு.”

“அத்தைக்கு என்ன? அவுக பாட்டுக்கு…”

“ஏழு தடவை அத்தான். மூணு வாரத்துல ஏழு மதியம் எங்கம்மா உள்ள இருந்தா. உங்க சிட்டு இல்லன்னு சொல்லுச்சு.”

கற்பகவல்லியின் கையில் முறுக்குத் தட்டு அப்படியே நின்றது. அவள் புருஷனைப் பார்த்தாள்.

“என்னங்க இது? அம்மாவையா?”

“அது வாட்ச்மேன் பெட்டிக்குள்ள வச்சதால ஆனது…”

“லோடு வண்டி மதியம் வர்றது அங்க மட்டும்தானா?” கற்பகவல்லி குரலை உயர்த்தவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “தாயில்பட்டியில? சாத்தூர்ல? அங்கனயும் பெட்டி வச்சிருப்பாகல்ல?”

ராஜபாண்டியன் நெற்றியைத் தேய்த்தான். “அருணா, உன் வேலையும் போயிரும். உங்க மொதலாளியும் விட மாட்டாரு. எனக்கும் உனக்கும் சேத்துத்தான் சொல்றேன். நாளைக்குக் காலையில உக்காந்து பேசுவோம்.”

“தாயில்பட்டி கம்பெனி அஞ்சரைக்கு விடும்” என்றாள் அருணா. “எல்லாரும் வெளிய வர்ற நேரம். வாட்ச்மேன் இருப்பாரு, போர்மேன் இருப்பாரு, பொம்பளைக இருப்பாக. ஒரு கார்டும் ஒரு பெட்டியும் இருந்தா போதும், காட்டிருவேன். நாளைக்கு சாத்தூரு. உங்களைத் திட்ட மாட்டேன். சிட்டு கெட்டதுன்னும் சொல்ல மாட்டேன். என்ன பண்ணுதோ அதை மட்டும் காட்டுவேன். தூக்கி வீசுறதா வச்சுக்கிறதான்னு அவுக சொல்லட்டும்.”

“என் பொழைப்பு அருணா!”

“தெரியும் அத்தான்.”

அருணா எழுந்தாள். கற்பகவல்லி தட்டைக் கீழே வைத்துவிட்டு, மேசையில் கிடந்த புருஷனின் போனை எடுத்து அந்த நோட்டீஸைத் தேடிக்கொண்டிருந்தாள். அவன் தடுக்கக் கை நீட்டினான். தடுக்கவில்லை.

“என்னங்க, இதுல ரெண்டாவதா இன்னொன்னு போட்டிருக்கே” என்றது அக்காவின் குரல். “ஏ அருணா, இரு. இதைப் படிச்சுட்டுப் போ…”

காலையிலிருந்து எதையெல்லாமோ தெரிந்துகொள்ளத் துடித்தவள்தான். அந்த இரண்டாவது என்னவென்று தெரிந்துகொள்ள உள்ளுக்குள் அரித்தது. ஆனால் முதலாவதைச் சொல்லவே இன்னும் பதினொரு வாசல் பாக்கி இருந்தது. அஞ்சரைக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை. தாயில்பட்டி வழியாகப் போகும் வெம்பக்கோட்டை பஸ்ஸைப் பிடிக்க, படிகளில் இரண்டிரண்டாக இறங்கினாள் அருணாதேவி.